நறுக்கிய வெங்காயத்துக்கு எந்த டப்பா?

குளிர்சாதனப் பெட்டிக்குள் வெங்காய வாசனை பரவாமல் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம். வாசனையைப் பிறந்த இடத்திலேயே அடைத்துவைக்கும் டப்பா, ஜாடி, பை, உணவைச் சுற்றி மூடும் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் ஆகியவை ஒரு கூட்டம். வெளியே வந்துவிட்ட வாசனையைப் பிடித்துவைப்பதாகச் சொல்லும் சமையல் சோடா, கரிப்பை, மின்கருவி ஆகியவை மற்றொன்று. இரண்டிலும் பலவற்றை வீட்டில் பயன்படுத்திப் பார்த்த பிறகு, முதல் கூட்டத்தில் ஒரே ஒரு நல்ல பொருள் கையில் இருந்தால் இரண்டாம் கூட்டத்தில் எதையும் வாங்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நான்கு பக்கமும் பூட்டும் மூடியும், கழற்றிக் கழுவக்கூடிய சிலிக்கோன் வளையமும் கொண்ட கண்ணாடி டப்பாதான் அந்தப் பொருள். இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அதைப் பற்றியது. மற்றவை எந்த இடத்தில் தோற்கின்றன என்று தெரிந்தால்தான் இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது விளங்கும் என்பதால் அவற்றையும் தொட்டுச் செல்கிறேன்.

முழு வெங்காயம் உரிக்காமல் இருக்கும்வரை அதனிடம் பெரிதாக நெடி எதுவும் இல்லை. கத்தி பட்ட பிறகுதான் எல்லாம் தொடங்குகிறது. கந்தகம் கலந்த அமினோ அமிலச் சேர்மங்கள் செல்லின் ஒரு பகுதியிலும், அவற்றை உடைக்கும் அல்லினேஸ் என்ற நொதி இன்னொரு பகுதியிலும் பிரிந்து கிடக்கின்றன. செல் கிழிந்து இரண்டும் கலந்தவுடன், ஆவியாகும் கந்தகச் சேர்மங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. கண்ணீரை வரவழைக்கும் வாயுவும் இவற்றில் ஒன்றே. அதை உண்டாக்கத் தனியாக இன்னொரு நொதி உண்டு என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார்கள். சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசும் அதற்காக 2013இல் அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் கண்ணை எரிக்கும் அந்த வாயு நீண்ட நேரம் நிலைப்பதில்லை. மறுநாள் பெட்டிக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் பழைய நெடி, அதற்குப் பின் மெதுவாக உருவாகும் டைசல்பைடு வகைச் சேர்மங்களிலிருந்து வருவது. இத்தகைய கந்தகச் சேர்மங்கள் காற்றில் மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். ஆகவே ஒரு டப்பா வாசனையை ‘ஓரளவு’ அடைக்கிறது என்றால், அது அடைக்கவில்லை என்றே பொருள் கொள்ள வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. கிழிந்த செல்கள் எத்தனையோ அத்தனை நெடி என்பதால், தோலோடும் வேர்ப்பக்கத்தோடும் விட்டுவைத்த அரை வெங்காயத்தைச் சமாளிப்பது எளிது. பொடியாக நறுக்கியதையோ மிக்ஸியில் அரைத்ததையோ சமாளிப்பது கடினம். மழுங்கிய கத்தி செல்களை வெட்டாமல் நசுக்குவதால் அதுவும் நெடியைக் கூட்டுகிறது. கூர்மையான கத்தியால் நறுக்கி, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, நீரை நன்றாக வடித்துவிட்டு அடைத்துவைத்தால் வெளியே கசிந்திருக்கும் சாற்றில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் சாற்றோடு சுவையும் கொஞ்சம் போகும் என்பதால், எல்லா வேளையும் இப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன்.

வெளியே வந்த வாசனை எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் பொருள் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. இந்தச் சேர்மங்கள் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. அதனால் வெண்ணெய், பாலேடு, பாலாடைக்கட்டி ஆகியவை அவற்றை முதலில் இழுத்துக்கொள்கின்றன. திறந்துவைத்த பாலும் தப்புவதில்லை. பெட்டியின் உட்சுவர் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் வாங்கிவைத்துக்கொண்டு, பிறகு நாள்கணக்கில் மெதுவாகத் திருப்பித் தருகிறது. உறைபனி படியாத வகைப் பெட்டிகள் பலவற்றில் ஒரே குளிர்விப்புச் சுருளின் காற்றை விசிறி கீழ்த்தட்டுக்கும் உறைவிப்பானுக்கும் மாறிமாறி அனுப்புகிறது. கீழே வைத்த வெங்காயத்தின் மணம் மேலே உள்ள பனிக்கட்டியில் வீசுவதற்கு இதுவே காரணம். இரண்டு பகுதிக்கும் தனித்தனிச் சுருள் கொண்ட பெட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு.

வெண்ணெய் இப்படி வாசனையை ஈர்ப்பதையே நான் சோதனைக்கு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு டப்பாவிலும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை அடைத்து, பக்கத்தில் ஒரு சிறு தட்டில் உப்பில்லாத வெண்ணெயை மூடாமல் வைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுவேன். காலையில் அந்த வெண்ணெயை அறை வெப்பத்துக்கு வரவிட்டு முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பேன். குளிர்ந்திருக்கும்போது மணம் அடங்கியிருப்பதால் உடனே முகர்ந்து முடிவு சொல்வது சரியாக இராது. டப்பாவில் நீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் சோதனை. ஒரு துளியும் சிந்தாத டப்பாக்கூட வெண்ணெய்ச் சோதனையில் தோற்பதைப் பார்த்த பிறகு, நீர் ஒழுகாத மூடியை வாசனை ஒழுகாத மூடி என்று நம்புவதை விட்டுவிட்டேன்.

ஒட்டுத்தாளும் ஜிப் பையும் இந்தச் சோதனையில் நிற்கவே இல்லை. இன்று கிடைக்கும் ஒட்டுத்தாள்களில் பல பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. பாலிஎத்திலீன் நீராவியை நன்றாகத் தடுக்கும். ஆனால் எண்ணெயில் கரையும் மணப்பொருள்கள் அதற்குள் கரைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். முற்காலத்து ஒட்டுத்தாள்களில் பிவிடிசி என்ற நெகிழி பயன்பட்டது; மணத்தைத் தடுப்பதில் அது பல மடங்கு மேல். அதில் குளோரின் இருப்பதால் சூழலுக்கு ஆகாது என்று கருதி, வீட்டு உபயோகத் தாள்களில் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். எனவே வெங்காயத்தைத் தாளால் மேலும் ஒரு சுற்று சுற்றுவதால் நெடி வெளியே வரும் நேரம் தள்ளிப்போகுமே தவிர, வராமல் போகாது. ஜிப் பையிலும் இதே கதைதான். உறைவிப்பானுக்கென்று விற்கும் தடித்த பை மெல்லியதைவிடக் கொஞ்சம் நேரம் தாங்குகிறது. மாலையில் நறுக்கியதை மறுநாள் காலையில் எடுத்துவிடுவதாக இருந்தால், பைக்குள் பை வைத்து ஒப்பேற்றலாம். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வெங்காயத்தின் உருவத்திலேயே வடித்து, வெங்காயம் வைப்பதற்கென்றே விற்கப்படும் பிளாஸ்டிக் டப்பாக்கள் எனக்கு மிகுந்த ஏமாற்றத்தைத் தந்தன. பார்க்க அழகாக இருக்கின்றன. அரை வெங்காயம் கச்சிதமாக அமர்கிறது. பெட்டிக்குள் எது எங்கே என்று தேடவும் வேண்டாம். ஆனால் நான் பயன்படுத்தியவற்றில் மூடிக்கும் உடலுக்கும் இடையில் ரப்பரோ சிலிக்கோனோ எதுவும் இல்லை. பிளாஸ்டிக்கின் மேல் பிளாஸ்டிக் அழுந்துவதோ, மறையைத் திருகுவதோதான் மொத்த அடைப்பும். அதோடு, பாலிப்ரொப்பிலீன் சுவர் மணத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. சில வாரங்களில் அந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும், காலியாக மூடிவைத்துத் திறந்தால் வெங்காயம் வீசுகிறது. அதன் பிறகு அது வெங்காயத்துக்கு மட்டுமே உதவும் டப்பா ஆகிவிடுகிறது. விற்கும்போதே அப்படித்தானே சொன்னார்கள் என்று சமாதானம் செய்துகொள்ளலாம்.

கண்ணாடி டப்பா வேறு வகையானது. கண்ணாடிக்குள் மணம் கரையாது, ஊடுருவவும் முடியாது. அரைத்த வெங்காயத்தை இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, சோப்பும் சூடான நீரும் கொண்டு ஒருமுறை கழுவினால் டப்பாவின் உடல் புதிதுபோல் ஆகிவிடுகிறது. எனவே இதில் மதிப்பிட வேண்டியது மூடியை மட்டும்தான். கடையில் கண்ணாடியின் கனத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்குகிறோம். அடைக்கும் வேலையைச் செய்வதோ மூடியின் விளிம்பில் ஓடும் விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு வளையம்.

அந்த வளையத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நல்ல மூடியில் அது உள்ளீடற்ற, மென்மையான சிலிக்கோன் குழாயாக இருக்கும். நான்கு பக்கத் தாழ்களையும் அழுத்தும்போது அது நசுங்கி, கண்ணாடி விளிம்பின் சிறு மேடுபள்ளங்களையும் நிரப்பிக்கொள்ளும். மட்டமான மூடியில் வளையம் தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். தாழ் போடும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாது. தாழைப் போடச் சற்று அழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பது இந்தப் பொருளில் குறையல்ல. இன்னொரு அடையாளமும் உண்டு. அறை வெப்பத்தில் மூடிய டப்பா குளிர்ந்தபின் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் குறையும். 30 டிகிரியிலிருந்து 4 டிகிரி செல்சியசுக்கு இறங்கினால் அந்தக் குறைவு ஏறக்குறைய 8 முதல் 9 விழுக்காடு. அடைப்பு சரியாக இருந்தால் மூடி உள்நோக்கி இழுபட்டிருக்கும். தாழ்களை எடுத்த பிறகும் மூடி சட்டென்று வராமல், காற்று உள்ளே புகும் மெல்லிய ‘உஸ்’ ஒலியோடு விடுபடும். அந்த ஒலி கேட்கும் டப்பாக்கள் எதன் பக்கத்திலும் வெண்ணெயில் வாசனை ஏறவில்லை. குளிர்ந்து பல மணி நேரமான பிறகும் மூடி தானாகவே தளர்ந்து வருமானால், எங்கோ ஓரிடத்தில் காற்று போய்வருகிறது என்று அறியலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, அடைக்கும் அந்த வளையமே நாளடைவில் வாசனையின் கிடங்காகிவிடுகிறது. சிலிக்கோன் வாயுக்களை எளிதில் ஊடுருவவிடும் பொருள், மணத்தையும் ஈர்த்துக்கொள்ளும். டப்பா மூடியிருக்கும்போது அதன் மெல்லிய விளிம்பு மட்டுமே உள்ளே இருக்கும் காற்றுக்குப் படுவதால் அடைப்பு கெடுவதில்லை. ஆனால் வளையத்துக்கும் அது அமர்ந்திருக்கும் பள்ளத்துக்கும் நடுவே சாறு புகுந்து தங்கிவிடுகிறது. மூடியை மேலோட்டமாகக் கழுவுகிறவர்கள் ஒருநாள் ஒரு தேக்கரண்டியின் காம்பால் அந்த வளையத்தை நெம்பி எடுத்துப் பார்க்கட்டும்: பள்ளத்தில் மஞ்சளித்த, வழுவழுப்பான ஒரு கோடு சுற்றிலும் ஓடிக்கொண்டிருக்கும், மூலைகளில் கருப்புப் புள்ளிகளும் தெரியலாம். டப்பா பழசாகிவிட்டது, அதனால் நாறுகிறது என்று நாம் முடிவுகட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வளையத்தைத் தனியே எடுத்து, சோப்பு நீரில் ஊறவைத்து, பள்ளத்தை ஒரு பழைய பல் துலக்கியால் தேய்த்து, இரண்டையும் முழுக்கக் காயவிட்ட பிறகு பொருத்தினால் டப்பா மீண்டும் சரியாகிறது. ஈரத்தோடு பொருத்தினால் பூஞ்சை வரும். வளையத்தை மூடியோடு ஒட்டியே வார்த்திருக்கும் மாதிரிகளும் கடையில் உண்டு. கழற்ற வேண்டாம் என்பது வசதி என்று அட்டையில் போட்டிருப்பார்கள். வெங்காயத்துக்கு என்றால் உண்மையிலேயே பள்ளமோ இடுக்கோ இல்லாத வார்ப்பாக இருந்தால் மட்டுமே அவற்றைப் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது குறை மூடியின் பிளாஸ்டிக். உடல் கண்ணாடி என்றாலும், பெரும்பாலான மாதிரிகளில் மூடி பாலிப்ரொப்பிலீன்தான். முன்னே பிளாஸ்டிக் டப்பாவுக்குச் சொன்ன குறை இங்கே மூடியின் அளவுக்குச் சுருங்கி இருக்கிறது. மூடி சற்றுத் தடிமனாக இருப்பதாலும், குளிரில் ஊடுருவல் வேகம் குறைவதாலும் சில நாள்வரை எதுவும் வெளியே தெரிவதில்லை. ஆனால் மூடியின் உட்புறத்தில் மணம் தங்குகிறது. வெங்காயம் மூடியைத் தொடாத அளவுக்கு நிரப்புவதும், பயன்பாடு முடிந்ததும் மூடியைக் கழுவித் திறந்தபடி காற்றோட்டத்தில் வைப்பதும் இதற்குப் போதும். காய்ந்த டப்பாவை மூடி அடுக்கிவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். மூடியும் கண்ணாடியாகவே இருக்கும் மாதிரிகளில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அவை கனமானவை, கைதவறினால் இரட்டை இழப்பு.

மூன்றாவதாக, தாழ்கள். அவை மூடியோடு மெல்லிய பிளாஸ்டிக் மடிப்பால் இணைந்தவை. திறந்து மூடித் திறந்து மூடி ஒருநாள் அந்த மடிப்பு வெளுத்து, பிறகு விரிசல் விடும். நான்கில் ஒன்று போனால் அந்தப் பக்கம் வளையம் நசுங்காது, அங்கிருந்து வாசனை கசியும். டப்பா நீரைச் சிந்தாமல் இருப்பதால் பலர் அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். மூடியையும் வளையத்தையும் தனியாக விற்கும் நிறுவனத்தின் டப்பாவைத் தேர்ந்தெடுத்தால் கண்ணாடியைக் குப்பையில் போட வேண்டியிராது. வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெளிய வேண்டியது இது. வாங்கிய பின் தேடினால் அளவு பொருந்தும் மூடி கிடைப்பது அரிது.

அளவைப் பற்றி ஒரு சொல். பெரிய டப்பாவின் அடியில் ஒரு கைப்பிடி வெங்காயத்தைப் போட்டு வைப்பது நல்லதல்ல. மிச்சமுள்ள இடம் முழுவதும் நெடியேறிய காற்றால் நிரம்பி, திறக்கும்போது அத்தனையும் வெளியே வரும். சிறியதாக ஒன்று, நடுத்தரத்தில் ஒன்று என்று இரண்டு இருந்தால் போதும். திறப்பதையும் பெட்டியின் அருகில் நின்று செய்யாமல், கதவைச் சாத்திவிட்டு மேடையில் வைத்துத் திறப்பது நல்லது.

எவர்சில்வர் டப்பாக்களிலும் சிலிக்கோன் வளையமும் தாழும் கொண்டவை வந்திருக்கின்றன. மூடியும் எவர்சில்வராக இருக்கும் வகையை வாங்கினால் ஊடுருவலுக்கு இடமே இல்லை, விழுந்தால் உடையாது, எடையும் குறைவு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதது ஒன்றே குறை. கண்ணாடி உடைந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வளையமில்லாமல் மூடியை அழுத்தி மூடும் சாதாரணச் சம்படம் வேறு; அது பொருளைக் காக்கும், வாசனையைக் காக்காது. உலோகத் திருகு மூடி கொண்ட கண்ணாடி ஜாடியும் நன்றாகவே அடைக்கிறது. மூடியின் உட்புற விளிம்பில் மென்மையான பூச்சு தேயாமல் இருக்க வேண்டும். வாய் குறுகலாக இருப்பதால் அரை வெங்காயம் நுழையாது, நறுக்கியதற்கு ஏற்றது. காலியான ஜாடி வீட்டிலேயே இருக்கும் என்பதால், எதையும் வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

கையால் பம்பு அடித்துக் காற்றை வெளியேற்றும் வெற்றிட டப்பாக்கள் மூடியை நன்றாக இறுக்கிப் பிடிக்கின்றன. ஆனால் பம்பு அடிக்கும்போது வெளியேறும் காற்றில் வெங்காயமும் சேர்ந்தே வெளியேறுகிறது. மூடியின் நடுவிலுள்ள வால்வின் சிறு ரப்பர்த் துண்டில் சாறு பட்டுவிட்டால் அதைச் சுத்தம் செய்வது பெரிய வேலை. வெங்காயத்துக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை.

இனி இரண்டாம் கூட்டம். திறந்துவைத்த சமையல் சோடா குளிர்சாதனப் பெட்டியின் வாசனையை எடுத்துவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியதற்கு, அமெரிக்காவில் 1972இல் ஒரு சமையல் சோடா நிறுவனம் நடத்திய விளம்பரம் பெரிய காரணம். விளம்பரமாக அது பெரும் வெற்றி. வேதியியல்படி பார்த்தால், சோடா வலிமை குறைந்த காரம். புளித்த பாலின் நெடிபோல அமிலத்தன்மை கொண்டவற்றை அது கொஞ்சம் அடக்கலாம். வெங்காயத்தின் டைசல்பைடுகள் அமிலமல்ல. அவற்றோடு சோடா வினைபுரிய வழியில்லை. போதாததற்கு, டப்பாவில் குவிந்து கிடக்கும் தூளின் மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொடுகிறது. வெண்ணெய்க்குப் பக்கத்தில் சோடாவை வைத்துப் பார்த்தபோதும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

செயலூட்டப்பட்ட கரியை இதோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. அதன் ஒரு கிராமுக்குள் நுண்துளைச் சுவர்களின் பரப்பு 1000 சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும். கந்தகச் சேர்மங்கள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. விசிறிக் காற்று போகும் வழியில் மாட்டிய கரிப்பை, லேசாகத் தங்கிய வாசனையைச் சில நாள்களில் குறைத்ததைக் கண்டேன். ஆனால் மூடாமல் வைத்த வெங்காயத்தோடு அதனால் போட்டியிட முடியாது; கரி பிடிப்பதைவிட வெங்காயம் விடுவது அதிகம். வெயிலில் வைத்தால் கரி மறுபடி புதிதாகிவிடும் என்று பையின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். வெயில் ஈரத்தைப் போக்கும். ஒட்டிய சேர்மங்களை முழுதாக விரட்டத் தொழிற்சாலைகளில் பல நூறு டிகிரி வெப்பம் தேவைப்படுகிறது என்பதால், அந்த வாக்குறுதியைப் பாதியாக எடுத்துக்கொள்வதே சரி. வாங்கினால் பழைய வாசனையைத் தீர்க்க வாங்கலாம், டப்பாவுக்கு மாற்றாக வேண்டாம்.

ஓசோன் வெளியிடும் சிறு மின்கருவிகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஓசோன் கந்தகச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பது உண்மை. அதே ஓசோன் மூச்சுக்குழாயை உறுத்தும் என்பதும் உண்மை. உணவு வைக்கும் மூடிய பெட்டிக்குள், அளவு தெரியாத ஒரு வாயுவை விட்டுவைப்பதற்கு வெங்காயம் போதுமான காரணம் ஆகாது.

வாசனை ஏற்கெனவே பரவிவிட்ட பெட்டிக்குச் சோடா உதவும் இடம் ஒன்று உண்டு, அது தூளாக அல்ல, கரைசலாக. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடாவைக் கரைத்து உட்சுவர், தட்டுகள், காய்கறி இழுப்பறை ஆகியவற்றைத் துடைக்கலாம். மணத்தைத் தாங்கி நிற்கும் எண்ணெய்ப் படலமும் காய்ந்த சாறும் அதில் வந்துவிடும். கதவு ரப்பரின் மடிப்புகளையும், பின்சுவரின் அடியில் நீர் வடியும் துளையையும் விட்டுவிடக் கூடாது. பழைய பனிக்கட்டியையும் மூடாமல் இருந்த வெண்ணெயையும் அகற்றிவிட வேண்டும். அவை உள்ளே இருக்கும்வரை வாசனை திரும்பத் திரும்ப வரும்.

டப்பாவே தேவைப்படாத வீடுகளும் உண்டு. முழு வெங்காயத்துக்குக் குளிர்சாதனப் பெட்டி உகந்த இடமல்ல. ஈரம் இல்லாத, காற்றோட்டமான, வெளிச்சம் குறைந்த மூலையே அதற்குப் போதும். நறுக்கி மிஞ்சியதை உடனே வதக்கிவிட்டால் நொதியும் செயலிழக்கும், ஆவியாகக்கூடியவற்றில் பெரும்பகுதியும் அடுப்பிலேயே போய்விடும். அதன் பிறகு அதைச் சாதாரண டப்பாவில் வைத்தாலும் தொல்லை குறைவு. பச்சையாகத்தான் வேண்டும் என்றால், 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே, நன்றாக அடைத்து, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடலாம். நறுக்கிய வெங்காயம் நச்சாக மாறிவிடும் என்று அவ்வப்போது சுற்றிவரும் செய்திக்கு ஆதாரம் இல்லை.

கடைக்குப் போகிறவர்கள் மூடியைக் கையில் எடுத்து, வளையத்தை நகத்தால் நெம்பிப் பார்க்கட்டும். அது கழன்று வந்து, மறுபடி முறுக்கமில்லாமல் அமர வேண்டும். பிறகு டப்பாவை மூடித் தாழ்களைப் போட்டு, மூடியை நான்கு மூலையிலும் மேல்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு மூலை அசைந்தால் அதே மாதிரியில் வேறொன்றை எடுத்துப் பார்க்கலாம். அதுவும் அசைந்தால் வேறு மாதிரிக்குப் போய்விடுவது நல்லது.